மகன் நிற்கும் பக்கம்

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா சலவைக்கடைப் படியில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாள். மற்றவர்களுக்குக் கை கைதான். காது கேளாத அக்காவுக்கு அதுதான் வாயும். அவள் நடிக்கவிருந்த அம்மா வேடத்தை இனி வேறு யாராவது ஏற்கவேண்டும்.

குழுவில் எல்லோரும் சைகையில் பேசுகிறவர்கள். ரொட்டிக்கடையில் மாவு பிசையும் பெண் முன்வந்தாள். குழுவுக்குப் புதியவள், அக்கா நடித்து அவள் பார்த்ததே இல்லை.

"அதனால என்ன? எழுதி வச்சிருக்கீங்கள்ல, படிச்சுக்கறேன்" என்று கைகளால் சொன்னாள்.

எழுதிவைத்தவன் தம்பி. காது கேட்பவன், அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவன். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் குழுவில் அவனுக்குப் பென்சில் என்றே பெயர். சைகையை எழுத ஒரு முறை உண்டு: தலைக்கு ஒரு வட்டம், கைகளுக்குச் சின்னச் சின்ன வடிவங்கள், அசைவுக்கு அம்புக்குறி. அக்கா நடித்துக்காட்ட, எதிரில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் எழுதியிருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒத்திகையில் அந்தப் பெருமை கப்பலேறியது. வெளியூருக்குக் கிளம்பும் மகன் அம்மாவின் வலப்பக்கம் நிற்கிறான். ரொட்டிக்கடைக்காரியோ இடப்பக்கம் திரும்பி, அங்கே சாத்தியிருந்த ஏணியிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். மகனாக நடித்த பஸ் டிரைவர் ஏணியை ஒரு பார்வை பார்த்தார்.

"அம்மா, உன் பிள்ளை நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தாளை நீட்டினாள். "இதுல இந்தப் பக்கம்தான் இருக்கு."

பக்கத்தை மாற்றிக்கொண்டு மறுபடி கேட்டாள். இம்முறை குனிந்து, குழந்தையைக் கொஞ்சுவதுபோல. "எனக்கு இடுப்புலயா வாய் இருக்கு?" என்றார் டிரைவர்.

பென்சிலின் முகம் சுருங்கிப்போனது. அக்கா இடது கையால் அவன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். ஒற்றைக் கையால் மெதுவாகப் பேசினாள்.

"எதிர உக்காந்தா என் வலது உனக்கு இடதுடா. படிக்கிறவ என் இடத்துல நின்னு நடிக்கணும். என்னை வேடிக்கை பார்க்கிறவன் எழுதினா எப்படி? சரி, கண்ணை ஏன் எழுதல?"

"கண்ணு சும்மா பார்க்குதுன்னு விட்டுட்டேன்க்கா."

"சும்மாவா? எந்திரி."

அவன் எழுந்து நின்றான். அக்கா தாழப் பார்த்து "சாப்பிட்டியா?" என்றாள், எதிரே ஒரு குழந்தை இருந்தது. நேராகப் பார்த்துக் கேட்டாள், அண்டைவீட்டுக்காரி வந்துவிட்டாள். பிறகு முகத்தை நிமிர்த்தி, தன்னைவிட ஒரு தலை உயரமான தம்பியைப் பார்த்துக் கேட்டாள். கை செய்தது மூன்று முறையும் ஒன்றேதான்.

இத்தனை வருஷமாக அக்கா தன்னிடம் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் பென்சிலுக்கு உறைத்தது. "சாப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரம் முழுவதும் இடவலத்தை மாற்றி எழுதினான், ஒவ்வொரு வட்டத்துக்கும் கண் வைத்தான். யார் எங்கே பார்க்கிறார், எப்போது பார்வையைத் திருப்புகிறார் என்று கோடு கோடாக. சந்தேகம் வந்தபோதெல்லாம் தானே எழுந்து நின்று செய்துபார்த்தான். அச்சகத்தில் பக்கத்து மேஜைக்காரர் அவன் கழுத்தில் சுளுக்கோ என்று விசாரித்தார்.

நாடகத்தன்று அரங்கு நிறைந்திருந்தது. ரொட்டிக்கடைக்காரி சரியான பக்கம் திரும்பினாள். ஆனால் எடுத்தவுடன் மேலே பார்க்கவில்லை. முதலில் தாழ, குழந்தை நிற்கும் உயரத்தில் பார்த்தாள். அங்கிருந்து பார்வை மெல்ல மெல்ல ஏறி, மோவாய் நிமிர்ந்து மகன் முகத்தை எட்டியது. அப்புறம்தான் கேட்டாள். அரங்கெங்கும் கைகள் உயர்ந்து படபடத்தன. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

"அது நாங்க எழுதினது இல்லையே" என்றாள் அக்கா, ரொட்டிக்கடைக்காரி மேடையிலிருந்து உள்ளே வந்ததும்.

"ஒத்திகையில தப்பாக் கீழ பார்த்தேன்ல. அதை விட மனசு வரல. கோவமா?"

"இதையும் எழுதுடா" என்று அக்கா தம்பியைப் பார்த்தாள். "என் கைக்கட்டைப் பிரிச்சாலும் இனிமே இவதான் அம்மா. எனக்கு வேற வேலை இருக்கு. நாடகத்துல அப்பாவுக்கு ஒரு புதுக் காட்சி யோசிச்சிருக்கேன்."