மருந்தை நிறுத்திய காரணம்

“டொக்டர் எப்ப வருவா?” வசந்தரூபி மூன்றாம் முறையாகக் கேட்டாள்.

“இண்டைக்கு நான்தான் பாக்கிறன், தங்கச்சி,” என்றாள் இம்மாகுலேற். “நான் டொக்டர் இல்லை, நேர்ஸ். பதினாலு வருசம் வேலை செய்துபோட்டு, பிறகும் ரெண்டு வருசம் யுனிவர்சிட்டியிலை படிச்சனான். டொக்டர் பாத்துவிட்ட ஆக்களுக்கு மருந்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓர்தொனான்ஸ், அதான் மருந்துத் துண்டு, அதுவும் எழுதலாம்.”

“நேர்ஸ் எழுதினா ஃபார்மசியிலை குடுப்பினமோ?”

“குடுப்பினம்.”

வசந்தரூபி நம்பவில்லை. கணவன் கலைமாறனோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று இம்மாகுலேற் சொன்னதும் மனமில்லாமல் வெளியே போனாள்.

லா ஷப்பலில் உள்ள அந்த மனநல நிலையத்துக்குக் கலைமாறன் ஒரு வருடமாக வருகிறான். டொக்டர் மர்கரீத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேட்டதற்கெல்லாம் ‘நல்லாயிருக்கிறன்’ என்ற ஒரே பதில்தான் குறிப்பேட்டில் இருந்தது. கடைசி வரியில், மருந்தால் கைநடுக்கம் என்று எழுதியிருந்தார். அளவைச் சற்றுக் குறைத்தால் சரியாகிவிடும் என்று இம்மாகுலேற் நினைத்தாள். நாற்பத்தொரு வயதில் படிக்கப் போய், ஒவ்வொரு மருந்தும் உடம்புக்குள் என்ன செய்யும் என்று பிரெஞ்சில் பாடமாக்கியவள் அவள். கைகளை நீட்டச் சொன்னாள். விரல்களில் நடுக்கமே இல்லை.

“குளிசை போடுறேல்லையோ?”

அவன் தரையைப் பார்த்தான். “மூண்டு கிழமை.”

“நடுக்கத்தாலையோ?”

“இல்லை. குளிசை போட்டா தம்பி கதைக்கிறானில்லை.”

வன்னியில் போரின் கடைசி நாட்களில் இறந்துபோன தம்பி. இம்மாகுலேற் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“இப்ப என்ன கதைக்கிறார்?”

“முந்தி, சாப்பிட்டியோ எண்டு கேப்பான். இப்ப கார் து நோர் ஸ்ரேசனிலை றெயின் வரேக்கை, வா எண்டுறான். நேற்று ஒரு அடி வைச்சிட்டன். ஆரோ ஒரு மனிசி கையிலை பிடிச்சிட்டா.” பிறகு அவசரமாகச் சொன்னான்: “டொக்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தமிழ் ஆள் எண்டுதான் உங்களிட்டைச் சொன்னனான்.”

தம்பி என்று கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

“கலைமாறன், சொல்லத்தான் வேணும். இது நான் தனிய முடிவெடுக்கிற அலுவல் இல்லை. ஒளிச்சுச் செய்யேல்லை, உங்களுக்கு முன்னாலையே கூப்பிடுறன்.”

அவன் எழுந்து கதவின் கைப்பிடியைப் பிடித்தான். அவள் மறிக்கவில்லை. தொலைபேசியில் மர்கரீத்தை உடனே வரச் சொன்னாள்.

“திரும்பவும் அவனை இல்லாமல் பண்ணப் போறியள்,” என்றான்.

இம்மாகுலேற் தொலைபேசியை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“அது எனக்குத் தெரியாது. ஆனா நீங்கள் உயிரோடை இருக்கோணும்.”

அவன் கைப்பிடியைத் திருகாமல் அப்படியே நின்றான். டொக்டர் வந்து கதவைத் தள்ளியபோது பின்வாங்கிப் போய் உட்கார்ந்தான். மர்கரீத் அவனுக்கு எதிரே அமர்ந்தார். இம்மாகுலேற் மேசையருகில் நின்றாள்.

“நீங்கள் போறியளோ?” என்று அவளிடம் கேட்டான்.

“இல்லை.”

அவள் இருப்பதற்காக அவன் பக்கத்துக் கதிரையில் கிடந்த தன் ஜாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.