நீவி வைத்த கம்பிகள்

தேவதர்ஷினி கேபிளின் மேல்தோலை உரித்து, உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கிக் கிடந்த எட்டுக் கம்பிகளையும் பிரித்தாள். பிரித்ததோடு விடவில்லை. ஒவ்வொன்றையும் மேசை விளிம்பில் வைத்துப் பேனா மூடியால் அழுத்தி இழுத்தாள். முறுக்கின் நெளிவு துளியும் மிஞ்சக் கூடாது. செழியனுக்கென்று தனியாக எதையும் செய்யவில்லை. ஆறு பேருக்கான ஆறு துண்டுகளையும் ஒரே மாதிரிதான் நீவி வைத்தாள். யார் கேட்டாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

"பரவால்லியே, சொன்ன வேலய சுத்தமா முடிச்சிட்ட," என்றார் தீனதயாளன் சார். மற்ற ஐந்து பேரும் இன்னும் வந்திருக்கவில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செருப்புக் கடை மாடியில் அவர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டர் அது. நான்கு மாதமாக ஆறு பேரும் அங்கே நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்து வந்தார்கள். தேர்வுக் கட்டணம் கட்ட யாருக்கும் வழியில்லை. ஒரே ஒருவருக்கு மட்டும் கட்டுவதாகச் சென்னையில் யாரோ ஒப்புக்கொண்டிருந்தார்கள். மாதிரித் தேர்வில் அவளும் செழியனும் சமம். இன்று கம்பிகளைச் சரியான வரிசையில் யார் முதலில் வைக்கிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். அவளுக்குக் கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் கல்யாணம். ரிஷிவந்தியத்தில் அப்பா பேசி முடித்துவிட்டார். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள்.

செழியன் கரியாலூருக்கும் மேலே இருந்து வரும் மலைக்காரன். அவளைவிட ஒரு வயது மூத்தவன், ஆனாலும் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவான். மூன்று வாரத்துக்கு முன் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நீலம் மட்டுந்தான் எனக்குத் தெரியும். பச்ச, ஆரஞ்சு, பிரவுனு மூணும் ஒண்ணுபோல இருக்கும்."

"பின்ன எப்பிடி எல்லாருக்கும் முன்ன நீயே வரிச வெக்கிற?"

கண்ணை மூடிக்கொண்டு, மேல்தோல் உரித்த கேபிள் துண்டு ஒன்றை விரல்களுக்கிடையில் உருட்டினான். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக் காய்த்த விரல்கள். "பச்ச ஜோடி நெருக்கமா முறுக்கிக்கினு இருக்கும். பிரவுனு கொஞ்சம் தளந்து. ஆரஞ்சு நடுவால." அவளும் பலமுறை கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது.

"கிரிம்பர் ஒண்ணுதான்," என்றார் சார், கம்பி முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கருவியைத் தூக்கிக் காட்டி. "வரிச வெச்சிக் காட்டுனாதான் கைக்கு வரும். பேசக் கூடாது. அஞ்சி நிமிசம்."

செழியனின் விரல்கள் கம்பிகளின் மேல் இறங்கி நின்றன. திரும்ப ஏறி, திரும்ப இறங்கின. தோலுக்குள் கம்பிகள் நுழையும் இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தான். பிறகு மேல்தோலை இன்னும் உரிக்கக் கேபிளை வாயில் வைத்துக் கடித்தான்.

எதிரில் உட்கார்ந்திருந்த ஆகாஷ்தான் முதலில் சிரித்தான்.

"இன்னாடா, கரும்பா அது?" சார் எழுந்து வந்தார். "மலையில சோறு போட்டு அனுப்பலியா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேபிளைப் பிடுங்கி, எச்சிலை அவன் சட்டையிலேயே துடைத்து, மேசையில் போட்டார். "இன்னொரு தபா வாயில வெச்ச, வெளிய போய்டு."

அவன் அவள் பக்கம் திரும்பினான். மேசைக்கடியில் மூன்று கம்பிகளை விசிறிபோலப் பிரித்துப் பிடித்திருந்தான். கண்ணில் சந்தேகம் ஏதுமில்லை. "பச்ச?" என்றது உதடு.

"சார், இவன் பேசறான்."

அது தன் குரல்தான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவளுடைய கேபிளைச் சோதனைப் பெட்டியில் செருகியதும் விளக்குகள் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எரிந்தன. குத்துமதிப்பாக அவன் வரிசை வைத்ததில் முன்னும் பின்னும் தாவின. எல்லோரும் பார்க்கட்டும் என்று சார் அதை மூன்று முறை ஓடவிட்டார்.

மாலையில் பேருந்து நிலையத்தில் அவளைத் தேடி வந்தான். கரியாலூர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

"நான் பேசுனது தப்புதாங்க. அந்த விசயத்த நீங்க சார்கிட்ட சொல்லல, அது போதும்." தோளில் தொங்கிய பையை முன்னால் இழுத்துக்கொண்டான். "கம்பிய நீவி வெச்சது சாருங்களா?"

"ஆமா," என்றாள்.

தலையாட்டினான். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். "எனக்கு இனிமே எதுக்கு? நீங்க பரீச்சைக்கிப் பாத்துக்குங்க. கலர் இல்லாட்டி மனசுல நிக்கலன்னு சொன்னீங்களே, கடசிப் பக்கத்துல தங்கச்சியோட கலர் பென்சில வாங்கிப் போட்டிருக்கேன்."

வண்டி கிளம்பிப் போன பிறகு அவள் நோட்டைப் புரட்டினாள். நெட்வொர்க் கணக்குகளில் ஒரு பிழைகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கோடிட்டு வரைந்த எட்டுக் கம்பிகள், ஒவ்வொன்றின் கீழும் அதன் பெயர். ஆரஞ்சு என்று எழுதிய கம்பி பச்சையாக இருந்தது. பச்சை என்று எழுதியது பழுப்பாக இருந்தது. எந்த நிறமும் கோட்டை மீறிச் சிந்தவில்லை. நீலம் மட்டும் நீலமாக இருந்தது.