ரோடு உயர்ந்த தெரு

சோபா தைப்பவரின் வீடு முதல் தடவை பூமிக்குள் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நான்கு விரற்கடை. அப்போது அவர் வாசலில் நின்று வட்டிக்காரரின் ஆளிடம், தொழில் அமோகமாகப் போகிறது, அடுத்த வாரம் மொத்தமாகத் தந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசல்படியில் ஒன்று குறைந்திருப்பதை மறுநாள் அவர் மனைவிதான் பார்த்தாள். ரோட்டை உயர்த்திப் போட்டுவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். அந்தத் தெருவுக்கு ரோடு போட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அறுபது சோபாக்களுக்கு உறை தைக்கச் சொன்ன ஓட்டல், துணி வெட்டிய பிறகு இழுத்து மூடப்பட்டதில் வந்த கடன் அது. துணிக்கடனை அடைக்க ஒரு வட்டி, அந்த வட்டியை அடைக்க இன்னொரு வட்டி. ஒவ்வொரு ‘அடுத்த வார’த்துக்கும் வீடு கொஞ்சம் இறங்கியது. கௌரவம் போய்விடக் கூடாதென்று கடன் வாங்கி மைத்துனன் கல்யாணத்துக்குச் சங்கிலி போட்ட அன்று மட்டும் ஒரு முழம். இரண்டு வருஷத்தில் ஜன்னல்கள் தரைமட்டத்துக்கு வந்தன. வெளியே தெரியாமலிருக்க அவர் அவற்றை ஸ்பாஞ்ச் வைத்து அடைத்து, மேலே நல்ல வெல்வெட் துணி இழுத்து ஆணி அடித்தார். வேலை சுத்தமாக இருந்தது. உள்ளேதான் மூச்சு முட்டியது. ஒரே ஒரு ஜன்னலை விட்டுவைத்து, ஏணி போட்டு ஏறி இறங்கினார்கள்.

“கடன் கேஸ் பாக்குற வக்கீலம்மாவப் போய்ப் பாருங்களேன்” என்றாள் மனைவி.

“மஞ்சக் கடுதாசி குடுத்தவன்னு பேர் வாங்கவா? அதுக்கு மண்ணுக்குள்ளயே போயிடலாம்.”

“போய்க்கிட்டுத்தானே இருக்கோம்.”

சீருடையில் ஏன் மண் என்று பள்ளியில் டீச்சர் கேட்டபோது, விளையாடும்போது விழுந்துவிட்டேன் என்று மகள் சொன்னாள். அன்று சாயங்காலம் அவள் படுக்கும் மூலை மட்டும் தனியாக அரை அங்குலம் இறங்கியது. அவர் கையால் தடவிப் பார்த்தார். மறுநாள் காலை சட்டை மாற்றிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

“நொடிச்சுப் போறது குத்தமில்லண்ணே, மறைச்சாத்தான் குத்தம்” என்றார் வக்கீலம்மா. “ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க. தையல் மிஷினத் தொட மாட்டாங்க, அது உங்க பொழப்பு.”

கோர்ட்டில் சோபா தைப்பவர் தன் கடன் பட்டியலை உரக்கப் படித்தார். சங்கிலிக் கடன் வந்தபோது பின்வரிசையில் மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். என்னால் கட்ட முடியவில்லை என்று அவர் சொல்லி முடித்த நிமிஷம், வீட்டில் சுவரைப் பிடித்தபடி நின்ற மனைவியின் உள்ளங்கையில், வீடு இறங்கும் அதிர்வு நின்றது.

வீடு மேலே வரவில்லை. மதிப்புப் போட வந்த அதிகாரி டேப்பை இறக்கி அளந்து, ‘ஏலத்துக்கு உதவாது, முக்கால்வாசி பூமிக்குள்’ என்று எழுதிக்கொண்டு போனார். ஸ்கூட்டரும் பிரிட்ஜும் போயின. மஞ்சக்கடுதாசி என்ற பட்டப்பெயர் வந்தது. முதல் மாதம் அழுதார், அப்புறம் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். மண்ணை வெட்டி வாசலுக்கு இறங்க ஒன்பது படி கட்டி, வெல்வெட்டைக் கிழித்து ஜன்னல்களைத் திறந்தார்.

அவரைப் பார்த்து அதிகம் சிரித்தவர் எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர். ஒரு நாள் மத்தியானம் அவரே வந்து ஜன்னலோரம் குந்தினார். நாற்காலிக்கு உறை மாற்ற என்ன ஆகும் என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த வக்கீலம்மா எப்ப இருப்பாங்க?” என்றார்.

சோபா தைப்பவர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஏழு படி இருந்த எதிர்வீட்டில் இப்போது இரண்டு.

“ரோட்ட உயர்த்திட்டாங்க” என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

“ஆமாண்ணே. வியாழக்கிழமை பத்து மணிக்கு இருப்பாங்க. அதுவரைக்கும் நம்ம ஏணி சும்மாதான் கெடக்கு, எடுத்துட்டுப் போங்க.”