ஒன்பது மணி வால்வு

எங்கள் பகுதிக்குத் தண்ணீர் விட இரண்டு வால்வுகள். மேற்கு வால்வு என் பொறுப்பு. கிழக்கு வால்வு என் தங்கை புருஷன் பொறுப்பு. மோட்டார் ஒன்றுதான். காலை ஒன்பது வரை மேற்குத் தெருக்களுக்கு, பிறகு கிழக்குத் தெருக்களுக்கு. அவன் திறந்த பிறகுதான் நான் மூட வேண்டும். நான் முந்திக்கொண்டால் மோட்டார் தள்ளுகிற தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. எந்த இணைப்பு பலவீனமோ அது பிய்த்துக்கொள்ளும்.

இதற்கென்று பெரிய கருவி எதுவும் எங்களிடம் கிடையாது. ஒன்பதுக்கு அவன் போன் செய்வான்.

"தொறந்துட்டேன் மச்சான்."

"சரி, மூடுறேன்."

"சாப்ட்டியா?"

நாலாயிரம் குழாய்கள் பதினோரு வருஷம் ஒழுங்காக ஓடியது இந்தப் பேச்சில்தான். நான் பெரிய கெட்டிக்காரன், அதனால் ஓடுகிறது என்று எனக்கு நினைப்பு. ஒரு மண்ணும் இல்லை. ஒருவன் சொன்னதை இன்னொருவன் காதில் வாங்கினான், அவ்வளவுதான்.

அப்புறம் என் மீசை குறுக்கே வந்தது. தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "மச்சானோட மீசைக்கும் என் ஷூவுக்கும் ஒரே பாலிஷ்தான்." என் மனைவிகூடச் சிரித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் மோட்டார்காரரிடம் சொல்லியனுப்பினேன்: "ஒன்பதுன்னா ஒன்பது. கடிகாரம் இருக்குல்ல, போன் எதுக்கு?" அவன் ஐந்து நிமிஷம் முன்னால் திறந்தான். நான் ஒன்பதுக்கு மூடினேன். பதினெட்டு நாள் ஒரு குறையும் இல்லை. பார்த்தாயா, உன்னோடு பேசாமலேயே நடக்கிறது என்று மனசுக்குள் மார்தட்டிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன்.

பத்தொன்பதாம் நாள் அவனுடைய வால்வு இறுகிக்கொண்டது. எட்டு ஐம்பத்தாறுக்கு என் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். நாலு தடவை அடித்து ஓய்ந்தது. பிறகு தங்கை கூப்பிட்டாள். புருஷனுக்குச் சிபாரிசு செய்ய வருகிறாள் என்று அதையும் எடுக்கவில்லை. ஒன்பதானதும் சக்கரத்தைச் சுற்றி மூடினேன்.

உன் அண்ணனைப் பத்து நிமிஷம் பொறுக்கச் சொல் என்று தங்கையிடம் போனில் சொல்லிவிட்டு, அவன் நம்பிக்கையோடு வால்வுக் குழிக்குள் இறங்கியிருக்கிறான். கம்பியைக் கொடுத்துச் சக்கரத்தை நெம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து இணைப்பு வெடித்தது. கம்பி திரும்பி அடித்ததில் வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கிப் போயின.

ஆஸ்பத்திரிக்கு இன்ஜினியர் வந்தார். "ஏன்யா, மேற்குக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"சார்ஜ் இல்ல சார்" என்றான்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நாலு அழைப்பும் என் சட்டைப் பையில் இருந்தன. உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்ஜினியர் போனதும் அவன் கேட்டான், "சாப்ட்டியா மச்சான்?" வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன். தங்கை அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

இப்போது அவன் அலுவலகத்தில் உட்கார்ந்து ஜனங்கள் சொல்லும் தண்ணீர்ப் புகார்களை இடது கையால் எழுதிக்கொள்கிறான். கிழக்குக்குப் புது ஆள். அவர் கூப்பிட்டால் முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுகிறேன். குளிக்கும்போதுகூட போன் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது.

நேற்று மோட்டார்காரர் மூச்சு வாங்க சைக்கிளில் வந்தார். "உங்க தங்கச்சி எனக்குப் போன் பண்ணாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு மறுபடியும் கையில ஆபரேஷனாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"எனக்கே பண்ணியிருக்கலாமே?" போன் என் கையில்தான் இருந்தது.

"நானும் அதான் கேட்டேன். அண்ணன் எடுக்க மாட்டாருன்னாங்க."