நாற்பதாம் கத்தத்தில் ஒரு விசாரணை

மனித குலம் படைத்தவற்றுள் ஆக உன்னதமானது கொலைக் கதையின் கடைசி அத்தியாயந்தான் என்பது ஓய்வுபெற்ற தபாலதிபர் மஹ்ரூபின் தீர்க்கமான முடிவு. வாசிகசாலை ஆண்டு விழாவில் அவர் இதை முழங்கியபோது, ஒலிபெருக்கிக்காரர் பாதி வயரைச் சுருட்டி முடித்திருந்தார். சொன்னதில் பிழையில்லை. பழைய கொலைக் கதைகளில் யாரும் சும்மா சாவதில்லை. எல்லாரையும் ஒரு கூடத்தில் இருத்தி, ஒருவர் எழுந்து நின்று, "இவர்தான்" என்று விரலை நீட்டுவார். செத்தவர் அதற்குப் பிறகு யாருக்கும் தொல்லை தருவதில்லை.

அவருடைய மனைவி சுல்பா செத்த பிறகும் தொல்லை தந்துகொண்டிருந்தாள். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரித் துண்டில் எழுதி, அடக்கி, நாற்பது நாளாகிறது. ஆனாலும் பின்னேர அஸர் தொழுகை முடிந்து, களப்புக் காற்று வீட்டுக்குள் திரும்புகிற நேரத்தில் குசினிப் பக்கமிருந்து அவள் குரல் வரும். "இஞ்ச கொஞ்சம் வாங்களே." மூன்று தரம். போய்ப் பார்ப்பார். கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் மட்டும் இருக்கும். அவள் விழுந்து கிடந்த வாசற்படியை மிதிக்காமல் திரும்பி வருவார். குற்றவாளி அகப்பட்டால் குரல் நின்றுவிடும் என்று நம்பினார். கொப்பி ஒன்று வாங்கி, அதில் மூன்று பெயர்களை எழுதினார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி, சஹன் தட்டுகளைச் சுற்றியிருந்து சோறு தின்று, ஓத வந்த லெப்பைமார் வெற்றிலையோடு போனதும், அந்த மூன்று பேரையும் கூடத்தில் இருத்தினார். மகள் பஸீஹா, மருமகன் றிஸ்மின், சுல்பாவின் தங்கை றுமைஸா. நெய்ச்சோற்று மணம் இன்னும் போகவில்லை. மஹ்ரூப் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"சீனி வருத்தக்காரிக்கு வட்டிலப்பம் குடுத்தது ஆர்?"

"நான்தான் மச்சான்," என்றாள் றுமைஸா. "ஒரு துண்டு. ராத்தா ஆசப்பட்டுக் கேட்டா. அதுக்கு என்னத் தூக்கில போடப் போறீங்களா?"

"பிரஷர் குளுசை முடிஞ்சு ரெண்டு நாள். வாங்கித் தாறன் எண்டது ஆர்?"

றிஸ்மின் தலை குனிந்தான். "மறந்திட்டன் மாமா. ஆலங்குடா ஹோட்டலுக்கு வெள்ளக்காரனுகள் வந்திட்டானுகள், வேலை கூட."

மஹ்ரூபுக்கு மெய் சிலிர்த்தது. அப்படியே புத்தகம் மாதிரி. விரலை நீட்டுமுன் கடைசி ஆளிடம் திரும்பினார். "நீ, மகள்?"

"நான் அண்டைக்கு உம்மாவோட போன்ல கதைச்சிட்டு இருந்தன், வாப்பா." பஸீஹா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். "'நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யிது, பொறு, வாப்பாவக் கூப்பிடுறன்' எண்டாங்க. கூப்பிட்டது எனக்குக் கேட்டிச்சி. மூணு தரம். 'வாறன், வாறன்' எண்டு நீங்க சொன்னதும் கேட்டிச்சி. கொப்பியில எல்லார்ட பேரையும் எழுதியிருக்கீங்க. நீங்க எங்க வாப்பா இருந்தீங்க?"

எழுந்து நிற்கிறவரிடம் கேள்வி கேட்கிற வழக்கம் அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாதி நீண்ட விரலை எங்கே மடக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சாய்கதிரையில," என்றார். "கடைசி அத்தியாயம், மகள். ஆர் கொன்னது எண்டு சொல்லப்போற இடம். ரெண்டு பக்கந்தான் மிச்சம்."

பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

அது அவர் மூன்றாம் தரம் வாசித்த புத்தகம்.