முகம் தெரியும் வரை

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். எனக்கு வாய்த்தது மலைச் சைக்கிள் பைத்தியம். இத்தனை வருடக் கல்யாணத்தில் என் கணவரின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. இனி தனியாகப் போய் இருக்கப்போகிறேன் என்று அவர் ஒருநாள் சொன்னபோது, அழுது தீர்த்த பிறகு எனக்குத் தோன்றிய ஒரே யோசனை, நானும் அந்தச் சைக்கிளைக் கற்றுக்கொள்வது. மழைக்காலம் வரை பொறுத்திருங்கள் என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. பெட்டியை மட்டும் கட்டிலுக்கு அடியில் தயாராக வைத்துக்கொண்டார்.

அவருடைய சைக்கிள் குழுவிலேயே சேர்ந்தேன். குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். நோயாளியிடம் சொல்வதையே எங்களிடமும் சொல்வார், வலிக்காது என்று. நோயாளிக்காவது மரத்துப்போக ஊசி உண்டு. சரிவில் இறங்கும்போது பெடல் இரண்டையும் சமமாக வைக்கவேண்டும், இடுப்பைப் பின்னால் தள்ளவேண்டும், பிரேக்கை ஒற்றை விரலால் தொட்டால் போதும். நானோ இருக்கிற விரலையெல்லாம் போட்டுப் பிடித்துக் குப்புற விழுந்தேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளியம்மா என் கைச் சிராய்ப்புகளை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கவேண்டும்.

குழுவில் ஒரு விதி உண்டு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் முன்னால் போகிறவர் நிற்கவேண்டும். பின்னால் வருகிறவரின் முகம் தெரிந்த பிறகுதான் கிளம்பவேண்டும். அதனால் யாரும் வழி தவறுவதில்லை. டாக்டர் என்னை என் கணவருக்குப் பின்னால் வரச் சொன்னார்.

அந்த விதிதான் என்னைக் கெடுத்தது. வீட்டில் என் முகத்தைப் பார்த்து ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காத மனிதர், பாதை பிரியும் ஒவ்வொரு முனையிலும் ஒரு காலைத் தரையில் ஊன்றி, திரும்பி, என் முகம் வரும்வரை நின்றார். மூச்சிரைக்க மேடேறி அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புதுப்பெண்போல வெட்கமாக இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இன்னும் கொஞ்சம் நிற்கட்டுமே என்று வேண்டுமென்றே மெதுவாக மிதித்திருக்கிறேன். எல்லோருக்கும் கடைசியாக வரும் பேக்கரிக்காரர், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறேனா என்று கேட்பார்.

நான் இறங்காமல் விட்டது ஒரே ஒரு பாறை. இடுப்பளவு உயரம். அங்கே மட்டும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். அதையும் இறங்கிவிட்டால் நான் இல்லாத இடமே அவருடைய ஞாயிறுகளில் இருக்காது என்று நம்பினேன். மேகம் கறுத்திருந்த ஒரு ஞாயிறு, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு சக்கரமும் தரையில் பதிந்தன. கால் ஊன்றவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பேக்கரிக்காரர் இன்னும் பாறைக்கு மேலேயே இருந்தார். மற்றவர்கள் முன்னால் போன பிறகு என் கணவர் வந்து என் ஹேண்டிலைப் பிடித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"பிரமாதம். இதுக்காகத்தான் இவ்ளோ நாள் காத்துக்கிட்டிருந்தேன்."

எதற்காக என்று கேட்டேன்.

"உன்ன எப்படித் தனியா விட்டுட்டுப் போறதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இனிமே நீயே சமாளிச்சுக்குவ. இந்தக் குழுவும் உனக்குத் துணைக்கு இருக்கு. நான் வேற குழு பாத்துக்கறேன்."

கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் அங்கேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

"ஒவ்வொரு இடத்துலயும் எனக்காக நின்னீங்களே?"

"பின்னாடி யார் வந்தாலும் நிக்கணும்ல. அதானே விதி."

சொல்லிவிட்டு முன்னால் போனார். நானும் மிதித்தேன். கண் கலங்கிப் பாதை சரியாகத் தெரியவில்லை. அடுத்த முனைக்கு முந்தைய வளைவுக்கு நான் வந்தபோது, கீழே முனையில் அவர் காலை ஊன்றித் திரும்பி நிற்பது மரங்களுக்கு நடுவே தெரிந்தது. என் முகம் அவருக்குத் தெரிவதற்கு முன்பே நான் பிரேக்கைப் பிடித்தேன். ஒற்றை விரலால்தான். சைக்கிள் சத்தமில்லாமல் நின்றது.

பின்னால் வந்த பேக்கரிக்காரர், செயின் கழன்றுவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் தானும் இறங்கி நின்றுகொண்டார்.

தூறல் விழ ஆரம்பித்தது. கீழேயிருந்து அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். என் முகம் தெரியாமல் அவர் கிளம்ப முடியாது. நான் வளைவைத் தாண்டவில்லை.