குரல் வராத போன்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஊருக்கே அப்பாவாக இருந்த ஒருவருக்கு மகளாகப் பிறந்தவளின் கதையைச் சொல்கிறேன்.

அப்பா அவளைக் குருவி என்பார். ஊர் அவளைத் தலைவர் பொண்ணு என்றது. அவர்களைப் போன்றவர்கள் பின்வாசல் வழியாகத்தான் நுழையவேண்டும், பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுதான் வரவேண்டும் என்றிருந்த காலம். "முன்வாசல் எங்களுக்கும்தான்" என்று எழுந்து நின்றவர் அவர். மேடையேறி "என் பிள்ளைகளே" என்றாரானால் கூட்டம் மொத்தமும் நிமிர்ந்து உட்காரும். குருவிக்கு மட்டும் வயிறு எரியும். இத்தனை பேரும் பிள்ளைகள் என்றால் நான் யாராம்?

வாசலில் எந்நேரமும் செருப்புக் குவியல். ஆனால் அவளோடு விளையாட ஈ காக்கை வராது. ஜன்னலில் கல் விழுகிற வீட்டுக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? கல் படாமலிருக்க அவள் கட்டிலைக்கூட அலமாரிக்குப் பின்னால் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள்.

அந்த வீட்டில் போனுக்கு ஒரு சட்டம் இருந்தது. அப்பா போட்ட சட்டம். எடுத்தால் வாய் திறக்கக் கூடாது. அந்தப் பக்கம் முதலில் பேசட்டும். பேசாமல் மூச்சு மட்டும் விட்டால் மிரட்டுகிற ஆள். சட்டென்று வைத்துவிட வேண்டும்.

அவள் பிறந்தநாளுக்கு அப்பா ஊரில் இல்லை. வெளியூரில் கூட்டம். கிளம்பும்போது குனிந்து, "சாயங்காலம் போன் பண்றேன் குருவி. உன்கிட்ட மட்டும்தான் பேசுவேன், வேற யாருக்கும் கிடையாது" என்றிருந்தார். போதாதா? பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் உடுப்புகூட மாற்றாமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு. "அண்ணி, இங்க வந்து பாருங்க. குருவி போனை அடைகாக்குது. நாளைக்குக் குட்டி போன் பொரிச்சிடும்!"

"போங்க சித்தப்பா. அப்பா என்கிட்ட மட்டும் பேசப்போறாரு."

மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். மூச்சு. கரகரவென்று வெறும் மூச்சு. வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது, மறுபடி அதே மூச்சு. அடுத்த தரம் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டமாவது ஒன்றாவது!

"எங்கப்பா பேசுற நேரம்டா இது! வைடா போனை!"

மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு அந்தப் பக்கம் மெல்ல வைக்கிற சத்தம். அதன்பின் போன் அடிக்கவேயில்லை. அலமாரிக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அப்பா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பேசியவர் டிரைவர்தான்.

"மைக்கைப் புடுங்கிட்டாங்கம்மா. வெறும் தொண்டையில கத்தியே பேசி முடிச்சாரு. அப்புறம் சொட்டு சத்தம் வரல. போன்ல நான் பேசறேன்னேன், கேக்கல. எம்பொண்ணுகிட்ட நானேதான் பேசணும்னு கையைக் காட்டிட்டாரு."

குருவிக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பாவையா 'வைடா' என்றோம்? அப்பா தலையில் அடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார். தான் போட்ட சட்டம் தனக்கே மறந்துபோயிருந்தது. அவளைப் போன் பக்கம் அழைத்துப் போய், பேசுகிற முனையில் நகத்தால் கொத்தினார். டொக், டொக். குருவி கொத்துகிற மாதிரி. இனிமேல் இப்படி, சரியா என்று கண்ணாலேயே கேட்டார். அவளும் கொத்திக் காட்டினாள்.

அதற்குள் வாசலில் "தலைவரே!" என்று குரல். துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது அவர் நாற்சந்தியில் சிலையாக நிற்கிறார். குருவிக்கும் தலை நரைத்துவிட்டது. போனை எடுத்து அந்தப் பக்கம் யாரும் பேசாவிட்டால், "ராங் நம்பரா இருக்கும், வைங்கம்மா" என்கிறாள் மருமகள். குருவி உடனே வைப்பதில்லை. காதில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாள்.

உங்கள் வீட்டில் மணி அடிக்கும்போதெல்லாம் வேண்டியவர் குரலே வரட்டும் கண்ணுகளா. வாசலில் எத்தனை செருப்பு சேர்ந்தாலும், உள்ளே இருக்கிற சின்னப் பிள்ளைக்கு உங்கள் வீட்டார் மடியில் எப்போதும் இடம் இருக்கட்டும்.